நற்பள்ளியின் இலக்கணம்

"நல்ல பள்ளி எது?" என்று எவரையேனும் கேட்டுப் பாருங்கள். ஒருவர் அதன் கட்டடத்தைச் சொல்வார். மற்றொருவர் அதன் ஆய்வுக்கூடத்தையும் விளையாட்டு மைதானத்தையும் சொல்வார். பெரும்பாலோர் பொதுத் தேர்வில் அப்பள்ளி பெற்ற தேர்ச்சி விழுக்காட்டைச் சொல்வர். இவ்விடைகளுள் எதுவும் முற்றும் பிழையன்று. ஆயினும் இவற்றைக் கேட்கும்போதெல்லாம் என் உள்ளத்தில் மற்றொரு வினா எழும். தேர்ச்சி பெற்ற அப்பிள்ளைகள் வேறொரு பள்ளியில் சேர்ந்திருந்தால் தேறியிருக்க மாட்டார்களா? வீட்டிலே புத்தகமும், படிக்க ஓர் இடமும், ஐயம் தீர்த்து வைக்கும் தாய் தந்தையரும் உள்ள பிள்ளை எந்தப் பள்ளியிலும் ஓரளவு படித்துவிடும். அப்படியானால் அப்பிள்ளையின் வெற்றியில் வீட்டின் பங்கு எவ்வளவு? பள்ளியின் பங்கு எவ்வளவு?

இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டில் தொடங்கி, இங்கிலாந்துக்குச் சென்று, பின்னர் நம் நாட்டையும் ஒருவாறு தொட்ட வரலாறு அது. அதன் நடுநாயகமாக விளங்குபவர் ரொனால்டு எட்மண்ட்ஸ் என்னும் கல்வி ஆராய்ச்சியாளர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையிலும் தலைமை ஆசிரியர் நாற்காலியிலும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே அவர் எழுப்பிய வினா எனக்கு ஏட்டளவில் நின்ற வினா அன்று.

அமெரிக்காவில் நெடுங்காலம் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளியும் பல மாநிலங்களில் சட்டப்படியே நடந்து வந்தன. 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இப்பிரிவினை அரசியல் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் நிலைமை விரைவில் மாறவில்லை. 1964ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடிசார் உரிமைச் சட்டம், கல்வி வாய்ப்பில் உள்ள ஏற்றத்தாழ்வுகளை ஆராய்ந்து அறிக்கை தருமாறு கட்டளையிட்டது. அப்பணியை ஏற்றவர் ஜேம்ஸ் கோல்மன் என்னும் சமூகவியல் அறிஞர்.

அது மிகப் பெரிய ஆய்வு. ஏறத்தாழ 4,000 பள்ளிகளில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடமும் சுமார் 60,000 ஆசிரியர்களிடமும் செய்திகள் திரட்டப்பட்டன. பள்ளிகளின் நூலகம், ஆய்வுக்கூடம், செலவு, ஆசிரியர் தகுதி ஆகியவை கணக்கிடப்பட்டன. மாணவர்களுக்குத் தேர்வுகளும் நடத்தப்பட்டன. எழுநூறு பக்கங்களைத் தாண்டிய அவ்வறிக்கை 1966ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்தது.

அறிஞர் பலர் எதிர்பார்த்த விடை ஒன்று. வந்த விடை வேறு. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளில் வசதிகள் மிகக் குறைவாக இருக்கும், அதனாலேயே அவர்கள் படிப்பில் பின்தங்குகின்றனர் என்று அறிக்கை மெய்ப்பிக்கும் எனப் பலரும் எண்ணினர். ஆனால் ஒரே வட்டாரத்தில் உள்ள இருவகைப் பள்ளிகளின் வசதிகளில் எதிர்பார்த்த அளவு வேறுபாடு காணப்படவில்லை. அன்றியும், குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னர், பள்ளியின் வசதிகளுக்கும் மாணவர் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறிதாகவே இருந்தது. ஒரு பள்ளிக்கும் மற்றொரு பள்ளிக்கும் உள்ள வேறுபாட்டைவிட, ஒரே பள்ளிக்குள் ஒரு மாணவனுக்கும் மற்றொரு மாணவனுக்கும் உள்ள வேறுபாடே பெரிதாகத் தெரிந்தது.

இதே அறிக்கையில் வேறு சில உண்மைகளும் இருந்தன. பள்ளியின் தரமும் ஆசிரியரின் தரமும் சிறுபான்மை இனப் பிள்ளைகளைப் பொறுத்தவரை கூடுதலான விளைவை உண்டாக்கின என்று கோல்மன் கண்டிருந்தார். தம் வாழ்வு தம் முயற்சியில் அடங்கியிருக்கிறது என்ற நம்பிக்கை உடைய பிள்ளைகள் நன்றாகப் படித்தனர் என்றும் கண்டிருந்தார். ஆனால் நீண்ட அறிக்கைகளைப் பலர் முழுவதும் படிப்பதில்லை. "பள்ளியால் ஆவது ஒன்றுமில்லை, எல்லாம் வீட்டைப் பொறுத்தது" என்ற ஒரு வரிச் சுருக்கமே ஊரெங்கும் பரவியது. 1970இல் இங்கிலாந்தின் சமூகவியலறிஞர் பேசில் பெர்ன்ஸ்டைன், சமுதாயத்தின் குறைகளைக் கல்வியால் ஈடுசெய்ய இயலாது என்னும் கருத்தமைந்த தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். 1972இல் கிறிஸ்டோபர் ஜெங்க்ஸும் அவர்தம் துணைவரும் எழுதிய நூலொன்று, பள்ளிகளைச் சமப்படுத்துவதால் மட்டும் மக்களின் வருவாய் சமப்பட்டுவிடாது என்று வாதிட்டது. இவ்வறிஞர்கள் ஏழைகளின் பகைவர் அல்லர். சமுதாயத்தையே திருத்த வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். எனினும் அவர்கள் சொல்லை வேறொரு வகையில் பயன்படுத்திக்கொள்ள ஆட்கள் இருந்தனர்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் பழமொழி. கற்பிக்கத் தவறிய பள்ளிக்குப் பிள்ளையின் வீடே கோணல் கூடமாக வாய்த்துவிட்டது. "இவனுக்குப் படிப்பு ஏறாது, வீடு அப்படி" என்ற பேச்சை ஆசிரியர் அறையில் நானும் பல்லாண்டுகள் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லும் ஆசிரியர் கொடியவராக இருப்பதில்லை. களைத்துப் போனவராகவே இருப்பார். ஆனால் அவர் சொன்ன சொல் அப்பிள்ளையின் தலைமேல் ஒரு தீர்ப்பாக இறங்கிவிடுகிறது.

இத்தீர்ப்பை எதிர்த்து வழக்காடியவர் எட்மண்ட்ஸ். அவர் 1935ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலான்டி என்னும் ஊரில் பிறந்தவர், கறுப்பினத்தவர். உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்து, பின்னர் மிச்சிகன் மாநிலக் கல்வித் துறையில் பொறுப்பு வகித்து, அதன்பின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நகர்ப்புற ஆய்வு நிலையத்தை வழிநடத்தினார்.

அவருக்கு முன்னே ஒருவர் பாதை காட்டியிருந்தார். ஜார்ஜ் வெபர் என்பவர், நகரத்தின் ஏழைப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கும் பள்ளிகள் எங்கேனும் உண்டா என்று தேடினார். பள்ளி தரும் கணக்கை அப்படியே நம்பாமல், தாமே நேரில் சென்று பிள்ளைகளுக்கு வாசிப்புத் தேர்வு நடத்தினார். 1971இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் அத்தகைய நான்கு பள்ளிகளைக் காட்டினார். அவற்றுள் இரண்டு நியூயார்க்கிலும், ஒன்று கான்சஸ் நகரிலும், ஒன்று லாஸ் ஏஞ்சல்ஸிலும் இருந்தன.

நான்கே நான்குதானா என்று நீங்கள் கேட்கலாம். இவ்விடத்தில்தான் எட்மண்ட்ஸின் வாதத்தின் கூர்மையை நாம் உணர வேண்டும். கோல்மன் கண்டது சராசரி. ஆயிரக்கணக்கான பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலான பள்ளிகளில் ஏழைப் பிள்ளை பின்தங்குகிறது என்பது உண்மை. ஆனால் "பெரும்பாலும் நிகழ்வதில்லை" என்பது வேறு, "நிகழவே முடியாது" என்பது வேறு. முன்னதை மறுக்கப் பல சான்றுகள் வேண்டும். பின்னதை மறுக்க ஒரே ஒரு சான்று போதும். ஏழைப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கும் பள்ளி ஒன்று இருக்குமானால், ஏழ்மையே தோல்விக்குப் போதிய காரணம் என்ற கொள்கை அங்கேயே வீழ்ந்துவிடுகிறது. பிறகு மற்றப் பள்ளிகள் ஏன் அவ்வாறு இல்லை என்று கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடுகிறது.

எட்மண்ட்ஸும் அவர்தம் துணைவரான லாரன்ஸ் லெசாட், ஜான் பிரெடரிக்சன் ஆகியோரும் டெட்ராயிட் நகரின் ஏழைப் பகுதியிலுள்ள 20 தொடக்கப் பள்ளிகளின் வாசிப்பு, கணித மதிப்பெண்களை ஆராய்ந்தனர். கோல்மன் திரட்டி வைத்த பழைய கணக்கையே மீண்டும் எடுத்து, அதற்குள்ளேயே ஏழைப் பிள்ளைகளுக்குப் பயன்பட்ட பள்ளிகள் மறைந்திருக்கின்றனவா என்றும் தேடினர். நாட்டின் வடகிழக்குப் பகுதியில் மட்டும் அத்தகைய 55 பள்ளிகள் அக்கணக்கிலிருந்து வெளிப்பட்டன. எந்தக் கணக்கைக் காட்டிப் பள்ளியால் ஒன்றும் ஆகாது என்றார்களோ, அந்தக் கணக்கே மறுசாட்சியும் சொன்னது!

நற்பள்ளிக்கு எட்மண்ட்ஸ் வகுத்த இலக்கணம் எளியது, ஆயினும் கடுமையானது. நடுத்தர வகுப்புப் பிள்ளைகள் தேர்ச்சி என்று சொல்லத்தக்க குறைந்த அளவை எவ்விகிதத்தில் எட்டுகின்றனரோ, அவ்விகிதத்திலேயே ஏழைப் பிள்ளைகளும் எட்ட வேண்டும். ஒரு கணக்கால் இதை விளக்குகிறேன். ஒரு பள்ளியில் 100 மாணவர்கள் தேர்வு எழுதினர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுள் 60 பேர் வசதியுள்ள வீட்டினர், 40 பேர் ஏழைகள். தேறியவர் 80 பேர். நூற்றுக்கு எண்பது என்று பள்ளி பெருமைப்படுகிறது. ஆனால் வசதியுள்ள 60 பேரில் 58 பேரும், ஏழைகள் 40 பேரில் 22 பேரும் தேறியதாலேயே அந்த எண்பது கிடைத்தது. ஏழைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேர் தோற்றதை அந்தப் பெருமைக்குரிய எண் மூடி மறைத்துவிட்டது. எட்மண்ட்ஸ் அந்த மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னார். மதிப்பெண்களை வகுப்பு வகுப்பாகப் பார்ப்பது போதாது, வீட்டு நிலைமை வாரியாகவும் பிரித்துப் பாருங்கள் என்றார்.

1979ஆம் ஆண்டு அக்டோபரில் கல்வி இதழொன்றில் அவர் எழுதிய கட்டுரை நாடெங்கும் பேசப்பட்டது. நற்பள்ளிகளில் தாம் கண்ட பண்புகளை அவர் ஐந்தாகத் தொகுத்தார். முதலாவது, கற்பித்தலில் கருத்தூன்றிய தலைமை. அலுவலகக் கோப்புகளோடு நின்றுவிடாமல் வகுப்பறைக்குள் நடப்பதை அறிந்த தலைமை ஆசிரியர் இருந்தார். இரண்டாவது, எந்தப் பிள்ளையும் குறைந்த அளவுக்குக் கீழே விழ விடமாட்டோம் என்ற ஆசிரியர்களின் எதிர்பார்ப்பு. மூன்றாவது, ஒழுங்கும் அமைதியும். அச்சமூட்டும் கட்டுப்பாடு வேறு, படிப்புக்கு இடையூறில்லாத ஒழுங்கு வேறு. அங்கே இருந்தது பின்னது. நான்காவது, எழுத்தும் எண்ணும் கற்பிப்பதே மற்றெல்லாவற்றினும் முதன்மையானது என்ற தெளிவு. தேவைப்பட்டால் பிற பணிகளின் நேரமும் பொருளும் இதற்குத் திருப்பப்பட்டன. ஐந்தாவது, பிள்ளைகளின் முன்னேற்றத்தை அடிக்கடி அளந்து பார்த்தல். ஆண்டிறுதியில் தோல்வியை அறிவிப்பதற்காக அல்லாமல், இடையிலேயே கற்பிக்கும் முறையை மாற்றிக்கொள்வதற்காக அளந்தார்கள்.

இவ்வைந்தினுள் இரண்டாவதையே நான் தலையாயதாகக் கருதுகிறேன். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். அப்பழமொழியை உழவர் கேட்டால், நீர் பாயாத வயலில் எந்த முளையும் வாடித்தான் நிற்கும் என்று விடை கூறுவர். ஓர் ஆசிரியர், ஒரு பிள்ளை படிக்காது என்று முடிவு செய்துவிட்டால் என்ன நடக்கும்? அப்பிள்ளையிடம் வினா கேட்பது குறையும். அதன் குறிப்பேட்டைத் திருத்துவது குறையும். விடை சொல்லத் தடுமாறினால் காத்திருக்கும் பொறுமையும் குறையும். ஆண்டு முடிவில் அப்பிள்ளை தோற்கும். தம் கணிப்பு பலித்தது என்று ஆசிரியர் எண்ணிக்கொள்வார்.

எட்மண்ட்ஸ் எழுதியதோடு அமையவில்லை. 1978 முதல் 1981 வரை நியூயார்க் நகரக் கல்விக் குழுவில் உயர்பொறுப்பில் இருந்து, பள்ளிச் சீர்திருத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கி நடத்தினார். பின்னர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1983ஆம் ஆண்டு ஜூலையில், தம் 48ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவர் அமெரிக்காவில் ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், இலண்டனிலும் ஓர் ஆய்வு நடந்தது. அதை நடத்தியவர் மைக்கேல் ரட்டர் என்னும் குழந்தை மனநல மருத்துவர். ஐந்து வயதில் பள்ளிக்குள் நுழையும் பிள்ளை, படிப்பை முடித்து வெளியேறும்வரை சுமார் 15,000 மணி நேரம் அங்கே கழிக்கிறது. அந்நேரம் வீணா, பயனா என்று அவர் கேட்டார். 1979இல் வந்த அவருடைய நூலின் பெயரே "பதினையாயிரம் மணி" என்பதாகும். அவரும் அவர்தம் துணைவரும் 12 இடைநிலைப் பள்ளிகளை ஆராய்ந்தனர். பத்து வயதில் பிள்ளைகள் எந்நிலையில் இருந்தனர் என்பது முன்னரே அளக்கப்பட்டிருந்தது. ஆகவே பள்ளிக்கு வருமுன் இருந்த வேறுபாட்டைக் கழித்துவிட்டுப் பள்ளியின் பங்கை மட்டும் காண முடிந்தது.

வருகை, நடத்தை, தேர்வு முடிவு, சட்டத்தை மீறும் குற்றம் ஆகிய நான்கிலும் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு இருந்தது. அதற்குக் காரணம் கட்டடத்தின் பழமையோ பள்ளியின் அளவோ அன்று. ஆசிரியர் உரிய நேரத்தில் பாடத்தைத் தொடங்கினாரா? வீட்டுப்பாடம் கொடுக்கப்பட்டதா? கொடுக்கப்பட்டதா என்பதை மூத்தவர் எவரேனும் கவனித்தாரா? நன்றாகச் செய்த பிள்ளையை வகுப்பிலேயே பாராட்டினாரா? மாணவர் படைத்தவை சுவரில் இடம் பெற்றனவா? பொறுப்புகள் பல மாணவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டனவா? இத்தகைய சிறு செயல்களே ஒன்று சேர்ந்து பள்ளியின் இயல்பை உருவாக்கின. 1988இல் பீட்டர் மார்ட்டிமோரும் அவர்தம் குழுவினரும், இலண்டனின் 50 தொடக்கப் பள்ளிகளில் ஏறக்குறைய 2,000 பிள்ளைகளை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து கண்ட முடிவுகளும் இவற்றோடு பெரிதும் ஒத்திருந்தன.

இவையெல்லாம் செல்வ நாடுகளின் செய்தி அல்லவா, நமக்கு இவற்றால் யாது பயன் என்று நீங்கள் கேட்கலாம். 1983ஆம் ஆண்டு ஸ்டீவன் ஹேனமன், வில்லியம் லாக்ஸ்லி என்னும் இருவர் 29 நாடுகளின் கணக்குகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். இந்தியாவும் அவற்றுள் ஒன்று. நாடு எவ்வளவு ஏழ்மையாக உள்ளதோ, அவ்வளவுக்குப் பள்ளியின் தரமும் ஆசிரியரின் தரமும் பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கின்றன என்று அவர்கள் கண்டனர். இதைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் மறுத்துரைத்ததும் உண்டு. எனினும் இதன் பொருள் நமக்கு விளங்காததன்று. வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாத பிள்ளைக்குப் புத்தகம் என்றால் அது பள்ளியில் காண்பதே. எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர் எவரும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியர் ஒருவரே ஏணி. மற்றொரு ஏணி உள்ளவனுக்கு இது முறிந்தாலும் இழப்பு சிறிது. வேறு ஏணி இல்லாதவனுக்கு?

எட்மண்ட்ஸ் கூட்டத்தாரின் கொள்கைக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. 1983இல் ஸ்டுவர்ட் பர்க்கி, மார்ஷல் ஸ்மித் என்போர் இவ்வாய்வுகளை எல்லாம் தொகுத்து எடைபோட்டு, எச்சரிக்கையோடு ஏற்க வேண்டியவை இவை என்றனர். ஆராயப்பட்ட பள்ளிகள் சில. ஓராண்டு சிறந்து விளங்கிய பள்ளி மறு ஆண்டு அவ்வாறே இருப்பதில்லை. நற்பண்பும் நல்விளைவும் ஒன்றாகக் காணப்படுவதனாலேயே ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது. ஆசிரியர் நம்பிக்கையால் பிள்ளைகள் படித்தனரா, பிள்ளைகள் படிப்பதைக் கண்டு ஆசிரியருக்கு நம்பிக்கை பிறந்ததா? இதை எட்மண்ட்ஸே அறிந்திருந்தார். தாம் கண்ட பண்புகள் காரணங்கள்தாமா என்பது இன்னும் உறுதியாகவில்லை என்று அவரே எழுதியுள்ளார். பின்வந்தவர்களுள் சிலர் அந்த ஐந்தையும் மருந்துச் சீட்டுப்போல் எழுதிப் பள்ளிதோறும் அனுப்பினர். சீட்டைச் சுவரில் ஒட்டியதால் எந்த நோயும் தீர்ந்ததில்லை.

அன்றியும், பள்ளியால் ஆகும் என்பதைப் பற்றிக்கொண்டு, வறுமையைப் பற்றி அரசும் சமுதாயமும் கவலைப்பட வேண்டியதில்லை என்று வாதிடுவதும் பெருந்தவறு. பசித்த வயிற்றோடு வரும் பிள்ளைக்கு முதலில் சோறு வேண்டும். இதைத் தமிழ்நாட்டுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1950களிலேயே காமராசர் ஆட்சி பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. உணவு பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வந்தது. வந்த பிள்ளைக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்பதே எட்மண்ட்ஸின் வினா. கோல்மன் சொன்னதையும் எட்மண்ட்ஸ் சொன்னதையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. வீட்டின் வலிமை பெரிது என்று முன்னவர் அளந்து காட்டினார். அவ்வலிமை வெல்ல முடியாததன்று என்று பின்னவர் எடுத்துக்காட்டினார்.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். வேறு சிலர் பள்ளிகளை மேற்பார்வையிடும் அலுவலராகவோ, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோராகவோ நிற்பீர்கள். அப்பொழுது ஒரு பள்ளியைப் பற்றி உங்களுக்குப் பெருமையாக ஓர் எண் சொல்லப்படும். அந்த எண்ணைக் கேட்டு மகிழுங்கள். மகிழ்ந்தபின் ஒன்று கேளுங்கள்: "இப்பள்ளியில் மிக ஏழையான பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேர் தேறினர்?" பல பள்ளிகளில் இதற்கு உடனே விடை வராது. கேட்பவர் இருந்தால், அடுத்த ஆண்டு எவரேனும் கணக்கெடுத்து வைத்திருப்பார். கணக்கெடுத்தவர் அப்பிள்ளைகளின் பெயர்களைப் படித்தே ஆக வேண்டும்.